படிக்கச் சுலபம், பதில்தான் வேறு

கோட் ரிவியூவில் நான் பார்த்த பெரிய சண்டைகளில் பாதி காற்புள்ளிக்காக நடந்தவை. ஒரு டேபிளிலிருந்து பத்து ஃபீல்டுகளை எடுக்கும்போது காற்புள்ளியை வரியின் கடைசியில் வைப்பதா, அடுத்த வரியின் தொடக்கத்தில் வைப்பதா? தொடக்கத்தில் வைத்தால் ஒரு வரியை நீக்கும்போது கை தவறாது என்பது ஒரு கட்சி. காற்புள்ளியில் ஆரம்பிக்கும் வரியை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது எதிர்க்கட்சி. செலக்ட், ஃப்ரம், வேர் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதுவதா சிறிய எழுத்தில் எழுதுவதா என்பதற்கு ஒரு முழு மதியத்தைத் தாரை வார்த்திருக்கிறோம்.

நான் டேட்டாபேஸ் பக்கம் வேலை பார்க்கிறவன். சென்னை ஓ.எம்.ஆர். அலுவலகங்களில், பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனங்களுக்கான மென்பொருளில்தான் காலம் போயிருக்கிறது. மேலே சொன்ன சண்டைகளில் எனக்கும் கட்சி உண்டு (காற்புள்ளி கடைசியில், பெரிய எழுத்து வேண்டாம்). ஆனால் எங்களை நடுராத்திரியில் எழுப்பிய க்வெரிகளை (டேட்டாபேஸிடம் நாம் எழுதிக் கேட்கும் கேள்விகளை) வரிசையாக நினைத்துப் பார்த்தால், அவற்றில் அலங்கோலமாக எழுதப்பட்டது என்று ஒன்றையும் சொல்ல முடியவில்லை. எல்லாமே லட்சணமானவை. வாய்விட்டு வாசித்தால் எழுதியவர் நினைத்தது அப்படியே காதில் விழும். ரிவியூ செய்தவர்கள் அதனாலேயே அவற்றின்முன் நிற்காமல் கடந்துபோனார்கள்.

நாங்கள் க்வெரி எழுதும் மொழி பிறந்ததே, இப்படி வாசிக்க எளிதாக இருக்க வேண்டும் என்ற நோக்கத்தோடுதான். 1970இல் ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட், தகவல்களை அட்டவணைகளாகப் பார்க்கும் கணிதத்தை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். கணிதம் படித்தவர்தான் அந்தக் குறியீடுகளைத் தொட முடியும். அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல், அதையே ஆங்கில வாக்கியம்போல எழுத ஒரு வழி கொண்டுவந்தார்கள். கணக்காளர், பொறியாளர், நகரத் திட்டமிடுகிறவர் என்று கணிப்பொறி தொழிலாக இல்லாதவர்களும் தாங்களே கேள்வி கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். சீக்குவல் என்று பெயர் வைத்தார்கள். அது வேறொரு நிறுவனத்தின் வணிகப் பெயராக இருந்ததால் பிறகு எஸ்.க்யூ.எல். என்று சுருங்கியது. எங்கள் வாயில் இன்றும் வருவது சீக்குவல்தான். பாய்ஸ் அந்த ஆண்டே, இளம் வயதில், இறந்துபோனார்.

கணக்காளர்கள் கூட்டமாக வந்துவிடவில்லை. வந்த சிலர் நன்றாகவே எழுதுகிறார்கள், அது வேறு கதை. வாக்கியம்போல இருக்கும் அந்த உருவம் மட்டும் நிலைத்துவிட்டது. உருவம் அப்படி இருப்பதால் நாமும் வாக்கியமாகவே வாசிக்கிறோம். இயந்திரம் பொருள்கொள்ளும் வரிசை வேறு. எழுதும்போது முதலில் வருவது செலக்ட். பொருளில் முதலில் வருவது ஃப்ரம்: எந்த டேபிள் என்று பார்த்து, வேர் நிபந்தனையில் சலித்து, குரூப் பை இருந்தால் தொகுத்து, அதற்கும் பிறகுதான் செலக்ட். செலக்ட்டில் ஒரு கணக்குக்கு நாம் வைத்த பெயரை வேர் பகுதியில் எழுதினால் அப்படி ஒரு ஃபீல்டு இல்லை என்று திட்டு விழுவது இதனால்தான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதை நான் தமிழில்தான் சொல்லிக்கொடுப்பேன். 'பாலிசி டேபிளிலிருந்து, காலாவதியானவற்றில், பெயரை எடு.' வினை கடைசியில் வரும் நம் வாக்கியமும் க்வெரி உள்ளுக்குள் பொருள்படும் வரிசையும் ஏறக்குறைய ஒன்றுதான். சி ஷார்ப் மொழியில் 2007இல் வந்த லிங்க், ஃப்ரமில் தொடங்கியது. 2024இல் கூகுள்காரர்கள் விளக்கி எழுதிய பைப் எழுத்துமுறையும் ஃப்ரமில்தான் தொடங்குகிறது. நம் ஊர் வாக்கியத்துக்கு அவர்கள் மெதுவாக வந்து சேர்கிறார்கள் என்று சொல்லி வகுப்பில் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

வரிசை மாறியிருப்பதை ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளலாம். ஒரு க்வெரிக்குள் அடைப்புக்குறி போட்டு இன்னொரு க்வெரியை எழுதும் விவகாரம் அப்படிப்பட்டதல்ல.

ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் டேபிள்களில், சோதனைக்காக உள்ளே போட்ட போலி வாடிக்கையாளர்கள் கொஞ்சம் பேர் தங்கிவிட்டார்கள். அவர்களைத் துடைத்தெடுக்க வேண்டும். குழுவில் இருந்த ஒருவர், அனுபவசாலி, அந்த எண்களை ஒரு தற்காலிக டேபிளில் இறக்கிக்கொண்டு ஒரே வாக்கியம் எழுதினார். தற்காலிக டேபிளிலிருந்து கஸ்டமர்_ஐடியை எடு (இது அடைப்புக்குறிக்குள்), அந்த கஸ்டமர்_ஐடி உள்ள பாலிசிகளை நீக்கு என்பது அதன் பொருள். அதைவிடத் தெளிவாக எழுத முடியாது. ஒரே ஒரு சங்கதி: தற்காலிக டேபிளில் அந்த ஃபீல்டின் பெயர் கஸ்டமர்_ஐடி இல்லை, கஸ்ட்_ஐடி.

பெயர் தப்பென்றால் பிழை வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும் தனியே ஓட்டினால் பிழை வரத்தான் செய்யும். முழு வாக்கியத்தை ஓட்டினால் வராது. உள்ளே இருக்கும் டேபிளில் கஸ்டமர்_ஐடி கிடைக்கவில்லை என்றால் டேட்டாபேஸ் ஒரு படி வெளியே வந்து தேடும். வெளியே பாலிசி டேபிளில் கஸ்டமர்_ஐடி இருக்கிறது. ஆக, கேள்வி இப்படி ஆகிவிடுகிறது: இந்தப் பாலிசியின் கஸ்டமர்_ஐடி, இதே பாலிசியின் கஸ்டமர்_ஐடிக்குச் சமமா? தற்காலிக டேபிளில் ஒரு ரெக்கார்டாவது இருந்தால் போதும், எல்லாப் பாலிசிக்கும் பதில் ஆமாம்தான்.

அவர் எப்போதும் பிகின் போட்டு டிரான்சாக்‌ஷனுக்குள்தான் டிலீட் எழுதுவார். திரையில் வந்த எண்ணிக்கை சில டஜனாக இருக்க வேண்டியது. டேபிளின் மொத்த எண்ணிக்கையாக இருந்தது. ரோல்பேக் என்று தட்டி நீக்கத்தைத் திரும்பப் பெற்றுவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"சார், இது போஸ்ட்கிரெஸ்ஸோட பக் இல்லையா?" என்று பக்கத்தில் இருந்த பையன் கேட்டான். போஸ்ட்கிரெஸ்தான் அங்கே ஓடிய டேட்டாபேஸ்.

"இல்லப்பா. ஆரக்கிள்ல போட்டாலும் இதேதான், எஸ்.க்யூ.எல். சர்வர்ல போட்டாலும் இதேதான். ரூல்படி கரெக்ட்."

ரூல் சரிதான். உள்க்வெரி வெளியே இருக்கும் ரெக்கார்டைப் பார்த்துப் பேச முடிந்தால்தான் பல பயனுள்ள கேள்விகளைக் கேட்கவே முடியும். அந்த வசதிக்குத் திறந்த கதவு வழியாகத்தான் இதுவும் நுழைகிறது. உள்க்வெரியில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் முன்னால் டேபிளின் சுருக்கப் பெயரை எழுதியிருந்தால், பெயர் தப்பியதும் அங்கேயே பிழை என்று நின்றிருக்கும். மறுநாள் அதையே விதியாக்கலாம் என்று பேச்சு வந்தபோது எதிர்ப்பும் வந்தது. எல்லா இடத்திலும் டி புள்ளி, பி புள்ளி என்று ஒட்டிக்கொண்டே போனால் கண்ணுக்கு இரைச்சல், படிக்க முடியவில்லை என்றார்கள். நேற்று அது அழகாகத்தான் இருந்தது என்று நான் சொன்னேன். விதி நிறைவேறியது, முணுமுணுப்போடு.

அடுத்தது எங்கள் எல்லோரையும் சந்தோஷப்படுத்திய க்வெரி. 'இந்த மாதம் ஒரு பாலிசிகூட விற்காத முகவர்கள் யார்?' மாதாமாதம் விற்பனைப் பிரிவுக்குப் போகும் பட்டியல். முகவர் டேபிளில், இந்த மாதப் பாலிசிகளில் உள்ள முகவர் எண்களுக்குள் இல்லாதவர்களை எடு. நாட் இன். ஆங்கிலம் தெரிந்த எவரும் படித்துவிடுவார். பல வருடம் ஒழுங்காக ஓடியது. ஒரு மாதம் பட்டியல் காலியாக வந்தது. விற்பனை மேலாளர் குளிர்ந்துபோனார். எல்லா முகவரும் விற்றிருக்கிறார்கள், வரலாற்றிலேயே முதல்முறை. பாராட்டு மின்னஞ்சல்கூடப் போனது. அடுத்த மாதமும் காலியாக வந்தபோதுதான் யாரோ ஒருவர் சந்தேகப்பட்டார்.

நடந்தது இதுதான். நிறுவனம் இணையத்தில் நேரடி விற்பனையைத் தொடங்கியிருந்தது. நேரடியாக வாங்கியவருக்கு முகவர் கிடையாது. அந்த ரெக்கார்டுகளில் முகவர் எண் நல்லாக, அதாவது மதிப்பே இல்லாமல், இருந்தது. ஒரு முகவர் எண் 501 என்று வைத்துக்கொள்வோம். அது பட்டியலில் இல்லை என்று சொல்ல, பட்டியலின் ஒவ்வொரு எண்ணும் 501 அல்ல என்று நிரூபிக்க வேண்டும். 340 அல்ல, சரி. 412 அல்ல, சரி. நல் அல்ல? தெரியாது. தெரியாத ஒன்று 501ஆகவும் இருக்கலாமே. ஒரே ஒரு 'தெரியாது' மொத்தப் பதிலையும் 'தெரியாது' ஆக்கிவிடும். வேர் பகுதி, உறுதியாக ஆமாம் என்று வந்தவற்றை மட்டும்தான் உள்ளே விடும். ஆகவே எந்த முகவரும் தேறவில்லை. எச்சரிக்கை இல்லை, பிழைச் செய்தி இல்லை.

'தெரியாது' என்ற இந்த மூன்றாவது பதிலைப் பற்றிய தகராறு எங்கள் அலுவலகத்துக்கு முன்பே தொடங்கியது. காட் 1979இல் எழுதிய கட்டுரையில் உண்மை, பொய், தெரியாது என்ற மூன்று மதிப்புத் தர்க்கத்தை விரித்துச் சொன்னார். 1990இல் வந்த அவருடைய புத்தகத்தில் ஒரு நல் போதாது, இரண்டு வேண்டும் என்ற இடத்துக்குப் போயிருந்தார்: மதிப்பு உண்டு ஆனால் நமக்குத் தெரியவில்லை என்பதற்கு ஒன்று, இங்கே மதிப்புக்கே இடமில்லை என்பதற்கு இன்னொன்று. காட்டோடு நெருங்கிப் பணியாற்றிய கிரிஸ் டேட் நேர் எதிர்த் திசையில் போனார். நல்லே கூடாது என்று பல பத்தாண்டுகளாக எழுதிவருகிறார். கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னால் தூக்கம் வரும். ஆனால் எங்கள் முகவர் விவகாரம் காட் சொன்ன இரண்டாவது வகை. நேரடி விற்பனையில் முகவர் யாரென்று தெரியாமல் இல்லை, முகவரே இல்லை. டேட்டாபேஸுக்கு அந்த வித்தியாசம் புரியவைக்க வழியில்லாமல் 'தெரியாது' என்று எடுத்துக்கொண்டது.

இன்னொரு கிறுக்கு: டேபிளில் வயது 18க்குக் குறையக் கூடாது என்று செக் விதி போட்டால், வயதே எழுதாத ரெக்கார்டு தாராளமாக உள்ளே வரும். அங்கே 'தெரியாது' என்றால் அனுமதி. வேர் பகுதியில் 'தெரியாது' என்றால் வெளியே. ஒரே பதிலுக்கு ஒரு வாசலில் வரவேற்பு, இன்னொரு வாசலில் கழுத்தைப் பிடித்துத் தள்ளல்.

நாட் இன்னை எடுத்துவிட்டு நாட் எக்ஸிஸ்ட்ஸ் என்று மாற்றி எழுதினோம். இதில் நல் தொல்லை இல்லை. ஆனால் பார்க்க அசிங்கமாக இருக்கும். உள்ளே செலக்ட் 1 என்று ஒரு வரி நிற்கும்.

"எதுக்கு சார் ஒண்ணு? ஒண்ணு என்கிற ஃபீல்டே இல்லையே?"

"அது எதுக்குமில்ல. ரெக்கார்டு இருக்கா இல்லையான்னுதான் பார்க்கும். அங்க என்ன எழுதினாலும் கணக்கில்ல."

"அப்ப பழசே நல்லாப் புரியுது சார்."

புரிகிறது என்று அவன் சொன்னது பொய்யில்லை. எழுதியவரின் எண்ணம் பழைய வரியில் நன்றாகவே புரிகிறது. இயந்திரம் என்ன செய்யும் என்பது புரியவில்லை. எங்கள் குழுவில் ஒரு மேடம் இருந்தார், எனக்கு மூத்தவர். காற்புள்ளிச் சண்டையில் ஒருநாளும் வாய் திறக்காதவர். ரிவியூவில் அவர் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை ரெக்கார்டு வரும்னு முதல்ல சொல்லுங்க. அப்புறம் ரன் பண்ணலாம்." சொல்லத் தெரிந்தால் அந்த க்வெரி அவர் கணக்கில் தெளிவானது. திக்கினால், எவ்வளவு அழகாக அடுக்கியிருந்தாலும் திருப்பி அனுப்புவார். அப்போது எரிச்சலாக இருக்கும். நானும் இப்போது அதையே கேட்கிறேன், என்னைப் பற்றியும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

வாடிக்கையாளர் பெயர் விவகாரம் நம் ஊருக்கே உரியது. ஒரு பெரிய சிஸ்டத்தை ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸ்ஸுக்கு மாற்றினோம். வாடிக்கையாளருக்குப் போகும் கடிதத்தில் பெயர் எழுதும் வரி மிகச் சாதாரணம்: முதல் பெயர், ஓர் இடைவெளி, குடும்பப் பெயர், மூன்றையும் ஒட்டு. இரண்டு செங்குத்துக் கோடுகள் ஒட்டும் குறி. மாற்றத்தில் அந்த வரியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. இரு பக்கமும் ஒரே இலக்கணம். சோதனை முடிந்து ஓடத் தொடங்கியதும் சென்னை, மதுரைக் கிளைகளிலிருந்து புகார்கள் வந்தன. 'அன்புள்ள' என்று தொடங்கும் கடிதத்தில் அடுத்து பெயரே இல்லை. மும்பையிலிருந்து ஒரு புகாரும் இல்லை.

ஆரக்கிள் வெற்றுச் சொல்லையும் நல்லையும் ஒன்றாகவே நடத்தும், ஒட்டும்போது நல்லைக் கண்டுகொள்ளாது. போஸ்ட்கிரெஸ் தர நெறிப்படி நடக்கும்: ஒட்டுவதில் ஒரு துண்டு நல்லாக இருந்தால் முழுவதும் நல். நம்மில் எத்தனை பேருக்குக் குடும்பப் பெயர் உண்டு? தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு ஒற்றைப் பெயரோடு வாழ்கிறவர்கள் நாம். படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்த அத்தனை பேரின் பெயரும், முதல் பெயரையும் சேர்த்துக்கொண்டு, காணாமல் போயிருந்தது. குடும்பப் பெயர் இருந்தவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. இதில் எரிச்சலூட்டியது, சோதனைத் தரவை உருவாக்கியவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான். படிவத்தில் இரண்டு கட்டம் இருந்ததால் கடமையாக இரண்டையும் நிரப்பியிருந்தார்கள். அமெரிக்க விசாவில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியாது) என்று முதல் பெயர் விழுந்து, விமான நிலையத்தில் அந்தப் பெயரால் கூப்பிடப்பட்ட நண்பர்கள் எங்கள் குழுவிலேயே இருந்தார்கள். அவர்களுக்கும் தோன்றவில்லை.

திருத்தம் ஒரு வரிதான். இருப்பவற்றை மட்டும் சேர்க்கும் கான்கேட்_டபிள்யூ.எஸ். என்ற செயற்கூறைப் போட்டோம். பெயரைப் பார்த்தால் என்ன செய்யும் என்று ஊகிக்க முடியாத வார்த்தை. 'இதுக்கு அந்த ரெண்டு கோடே பார்க்க நல்லா இருந்துச்சு' என்று ரிவியூவில் ஒரு குறிப்பு வந்தது. அதற்கு யாரும் பதில் எழுதவில்லை.

நிதியாண்டின் கடைசி நாளான மார்ச் 31ஐப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் ஒருமுறை நடந்திருக்கும். 2018 ஏப்ரல் 1க்கும் 2019 மார்ச் 31க்கும் இடையில் வந்த பிரீமியம் என்று பிட்வீன் போட்டு எழுதியிருந்தது. ஃபீல்டில் தேதியோடு நேரமும் இருந்தால், மார்ச் 31 என்பது அந்த நாள் பிறக்கும் நள்ளிரவு 12 மணி. அன்று காலை முதல் இரவு வரை வந்த பணம் கணக்கில் வராது. வேறு எந்த நாளாக இருந்தாலும் தப்பித்திருக்கலாம். வருமான வரி விலக்குக்காக நாடே கடைசி நாளில் பிரீமியம் கட்டும் ஊரில் இது. ஏப்ரல் 1க்கு முன்பு என்று சிறியது குறி போட்டு எழுதுவதுதான் சரி. அதுவும் பிட்வீன் அளவுக்குக் கேட்க இனிமையாக இல்லை.

இதுவரை சொன்னவற்றில் பதில் தப்பாக வந்தது. பதில் சரியாக வந்து நேரம் மட்டும் போன கதையும் உண்டு. அதுதான் படிக்க எளிமை என்ற கட்சியில் இருந்தவர்களை அதிகம் புண்படுத்தியது. நூற்றுக்கணக்கான வரிகளுக்கு ஓடும் ஒரு க்வெரி, அடைப்புக்குள் அடைப்பு, அதற்குள் அடைப்பு. ஓர் இளைஞர் அதை வித் என்ற சொல்லைக் கொண்டு பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நல்ல பெயர் வைத்து, மேலிருந்து கீழே கதைபோல வாசிக்கும்படி மாற்றினார். நான் பார்த்ததிலேயே சுத்தமான வேலை. ஓட்டினால் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வரலாம்.

போஸ்ட்கிரெஸ் 12க்கு முன்னால், வித் கொண்டு பெயரிட்ட ஒவ்வொரு பகுதியையும் டேட்டாபேஸ் தனியே முழுசாகக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். வெளியே 'இந்த ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும்' என்று எழுதியிருந்தாலும் அந்த நிபந்தனை உள்ளே இறங்காது. எல்லா வாடிக்கையாளருக்கும் கணக்குப் போட்டு முடித்தபிறகு ஒருவரை எடுத்துக் கொடுக்கும். பழைய அடைப்புக் குவியலில் நிபந்தனை தானாக உள்ளே இறங்கி, இண்டெக்ஸைத் தொட்டு, நொடியில் திரும்பியது. அந்த இளைஞரின் வேலையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2019 அக்டோபரில் 12ஆம் பதிப்பு வந்து இதை மாற்றியது: ஓரிடத்தில் மட்டும் பயன்படும் சாதாரணப் பகுதிகள் முதன்மை க்வெரியோடு கலந்துவிடும். தனியே நிற்க வேண்டுமானால் மெட்டீரியலைஸ்டு என்று எழுதிச் சொல்ல வேண்டும். மேம்படுத்திய பிறகு அவருடைய பிரதி நன்றாக ஓடியது. அதற்குள் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். வேடிக்கை, வேறு ஒரு குழு அந்தப் பழைய குணத்தையே வேண்டுமென்று ஒரு தடுப்பாகப் பயன்படுத்தி வேகம் பெற்றுவந்தது. மேம்பாட்டுக்குப் பிறகு அவர்களுடைய க்வெரி படுத்துவிட்டது. இரு குழுக்களும் எழுதிய வரிகளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

எஸ்.க்யூ.எல்.லே வேண்டாம், பைத்தானில் எழுதுகிறோம், அது படிக்க இன்னும் எளிது என்பவர்கள் உண்டு. அவர்கள் பயன்படுத்தும் ஜாங்கோவில் எழுதிய ஒரு வரியை ரிவியூவில் பார்த்தேன். 2022இல் நிராகரிக்கப்பட்ட க்ளெய்ம் உள்ள பாலிசிகளை எடுக்க வேண்டும். ஃபில்டர் ஒன்றுக்குள் இரண்டு நிபந்தனை: க்ளெய்ம் நிலை நிராகரிப்பு, க்ளெய்ம் ஆண்டு 2022. வரி நீளமாகிவிட்டது என்று நீள விதியைப் பார்க்கும் கருவி புகார் சொன்னது. ஒரு பெண் அதை இரண்டு ஃபில்டராக உடைத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தாள். இன்னும் அழகாக ஆனது. ரிவியூவில் இரண்டு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

ஒரு பாலிசிக்குப் பல க்ளெய்ம் இருக்கலாம். ஒரே ஃபில்டருக்குள் இரண்டு நிபந்தனை இருந்தால், இரண்டும் ஒரே க்ளெய்முக்குப் பொருந்த வேண்டும். தனித்தனி ஃபில்டராக இருந்தால், நிராகரிக்கப்பட்ட க்ளெய்ம் ஏதோ ஒன்று இருந்தால் போதும், 2022இல் க்ளெய்ம் ஏதோ ஒன்று இருந்தால் போதும், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 2015இல் நிராகரிப்பு, 2022இல் பணம் கிடைத்தது என்ற பாலிசியும் வந்து நிற்கும். ஜாங்கோவின் ஆவணத்தில் இது தெளிவாகவே எழுதியிருக்கிறது. விலக்குவதற்கான எக்ஸ்க்ளூடில் இந்த விதியும் அப்படியே பொருந்தாது என்பதும் அங்கேயே இருக்கிறது. ஆனால் வரியை உடைப்பது தோற்றத்தை மட்டும்தான் மாற்றும் என்று நம்புகிறவர் ஆவணத்தைத் திறக்க மாட்டார். திறக்கக் காரணமும் இல்லையே. என்னைக் கேட்டால் தப்பு அந்தப் பெண்ணிடம் இல்லை. ஒரே மாதிரித் தோன்றுகிற இரண்டுக்கு வெவ்வேறு பொருள் வைத்த வடிவமைப்பைத்தான் குறை சொல்வேன். அதற்குக் காரணம் உண்டு, இரண்டு கேள்வியும் உண்மையில் தேவைப்படும் என்று வாதாடுகிறவர்கள் எங்களிடமே இருக்கிறார்கள். தேவைதான். இப்படி மறைந்திருக்க வேண்டுமா என்பதே என் கேள்வி.

கடைசியாக எங்களிடம் வந்து நிற்பது தமிழ். முகவரியும் பெயரும் தமிழில் உள்ள ஒரு டேட்டாபேஸில், கொடைக்கானல் என்று தேடினால் பாதி ரெக்கார்டுதான் வந்தது. மீதியும் திரையில் கொடைக்கானல் என்றேதான் தெரிந்தது. யூனிகோடில் கொ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது க-வோடு ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு வித்தியாசம் இல்லை, பைட்டுகள் வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிக் கொண்டுவந்த பட்டியலில் இரண்டாவது வகை நிறைய இருந்தது. இரண்டும் சமமே என்று யூனிகோடு விதி சொல்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸின் சாதாரணச் சமக்குறி அதைக் கேட்டுக்கொள்வதில்லை. 2020இல் வந்த 13ஆம் பதிப்பில் நார்மலைஸ் என்று ஒரு செயற்கூறு சேர்ந்திருந்ததால் ஒரே அடியில் சரி செய்தோம்.

சௌந்தர்யாவும் கௌரியும் அப்போதும் வரவில்லை. ஔகாரக் குறியின் பின்பாதியை ள என்ற எழுத்தாகவே தட்டியிருந்தார்கள். செளந்தர்யா, கெளரி. இது யூனிகோடின் சமக் கணக்கில் சேராது. ள முழுசாக வேறு எழுத்து. கொம்புக்குப் பின் ள வந்தால் ஔகாரமாக மாற்று என்று ஒரு சிறிய, படிக்க அழகான வரியை ஒருவன் எழுதினான். மேடம் கேட்பதை நான் கேட்டேன். "எத்தனை ரெக்கார்டு மாறும்?" சௌந்தர்யாக்கள், கௌரிகள், சில நூறு இருக்கும் என்றான். ஓட்டிப் பார்த்தபோது பல ஆயிரம். வெள்ளையன்கள், வெள்ளைச்சாமிகள், வெள்ளக்கோவில்காரர்கள் எல்லோரும் அகப்பட்டிருந்தார்கள். வெள்ளி என்பது வௌ்ளி என்று உடைந்து, புள்ளி அந்தரத்தில் நின்றது. இந்த மாதிரி வௌ்ளிகளை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள்.

ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாவிட்டால் மட்டும் மாற்று என்று ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதினோம். பார்த்தவுடன் ஒருவருக்கும் விளங்காது, கண்ணைக் கரிக்கும். அதன் பக்கத்தில் மாறக் கூடாத சொற்களும் மாற வேண்டிய சொற்களுமாக ஒரு சோதனைப் பட்டியல் இருக்கிறது: வெள்ளி, தெளிவு, கெளுத்தி, செளந்தர்யா, வெளவால். பேச்சுவழக்கில் எழுதிய கெளம்பு, வெளக்கு, மெளகா மூன்றும் இன்னும் தப்பாகத்தான் மாறுகின்றன. பெயரிலும் ஊரிலும் அவை வராது என்று விட்டுவைத்திருந்தோம். போன வாரம் ஒரு முகவரியில் 'வெளக்குக் கம்பம் எதிரில்' என்று வந்திருக்கிறது. அதைப் பற்றிய ரிவியூ இன்னும் முடியவில்லை.